கல்லைத் தொட்டதும் ஏறுகிற கை

நூறு மீட்டரை நிற்காமல் நீந்தினால்தான் நீச்சலில் தேர்ச்சி. நடுவில் மேலே ஏறிக் கால் வைத்தால் அதோடு சரி. நீச்சலில் தேறாதவர்களுக்கு அந்த வருடம் உடற்கல்விப் பட்டம் கிடையாது. முதல் வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பூதலூர்ப் பக்கத்துக்காரி. கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் புது ஆறு என்போம். தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் அதில்தான் கிடப்போம். என்னிடம் போய் நூறு மீட்டரா?

தஞ்சாவூரில் நாங்கள் பழகிய நீச்சல் குளம் இருபத்தைந்து மீட்டர் நீளம். நான்கு தடவை கடந்தால் நூறு. விசில் கேட்டதும் பாய்ந்தேன். எதிர்ச்சுவரை முதலில் தொட்டது நான்தான். இரண்டு கையையும் ஊன்றி மேலே ஏறி, முடியைப் பிழிந்துகொண்டே ஓரமாக நடந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்து மறுபடி குதிக்கப் போனேன்.

"எங்கடி வாக்கிங் போற? இன்னும் மூணு தடவ இருக்கு!" தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள் என் வகுப்புத் தோழி. திருச்சிக்காரி, சின்ன வயதிலிருந்தே குளத்தில் பழகியவள்.

நீச்சல் மேடம் சிரிக்கவில்லை. "திரும்பணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் ஏறுன?"

பதில் அன்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில்தான் கிடைத்தது. புது ஆற்றில் யாரும் எதிர்த்து நீந்துவதில்லை. நீந்தினாலும் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பாலத்துக்குப் பக்கத்தில் குதித்து, இழுப்போடு போய், அடுத்த படித்துறையில் கல்லைப் பிடித்து ஏறி, ஈரத் துணியோடு கரைமேல் நடந்து வந்து மறுபடி குதிப்போம். பத்து வருடமாக இதேதான். கல் தட்டுப்பட்டால் ஏறு என்பது என் கைக்குப் பாடம். நான் பெருமைப்பட்ட வேகத்தில் பாதி ஆற்றினுடையது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பழகிய அசைவை அழிக்க முடியாது, அதைக் கிளப்பிவிடுகிற தூண்டலோடு வேறோர் அசைவைக் கட்டிவைக்கலாம் என்று எங்கள் பாடத்தில் இருந்தது. படித்ததும் துள்ளிவிட்டேன். ஆனால் எனக்குப் பொறுமை ஏது? ஒரு நாள் தலையைத் தாழ்த்திப் பார்த்தேன், இடுப்பு மேலே வருகிறதா என்று. மறுநாள் கால் உதைப்பு. அதற்கடுத்த நாள் இரண்டு பக்கமும் மூச்சு. வாளிமேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ. கையடி எத்தனை என்று எண்ணுவேன். மூச்சு வாங்கும்போதே கழுத்தில் விரலை வைத்து நாடியையும் எண்ணுவேன். ஒரு வாரத்தில் ஆறு விஷயங்களை மாற்றியிருந்தேன். சுவர் வந்ததும் இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருந்தேன்.

"குழம்புல எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டு எது கரிக்குதுன்னு தேடுற," என்றாள் தோழி.

"பரீட்சைக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான்டி இருக்கு."

"அதான் சொல்றேன். நீந்தாத. திரும்ப மட்டும் பழகு."

இருவரும் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். வலது கை தொடுவதில் தப்பில்லை. இடது கையும் விளிம்புக்கு வந்து சேர்கிற கணத்தில்தான் உடம்பு மேலே எழும்பியது. ஆக, ஒரு கை தொட வேண்டும். மற்றது வருவதற்குள் முழங்கால் மடங்கிவிட வேண்டும். ஐந்து மீட்டரிலிருந்து வந்து தொடு, மடக்கு, உதை. அவ்வளவே பயிற்சி. தோழி விளிம்பில் நின்றுகொண்டாள்.

"ரெண்டாவது கை வந்துச்சு, மிதிச்சிருவேன்."

இரண்டு தடவை மிதித்தாள். ஓடாத தண்ணீரில் ஐந்து மீட்டர், ஐந்து மீட்டர் என்று நாள் முழுக்க! எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இருந்தும் வேறு எதையும் தொடவில்லை.

பரீட்சையன்று முதல் இரண்டு சுவரும் சுலபமாகக் கழிந்தன. பதற்றத்தில் மூச்சைத் தண்ணீருக்குள் விடாமல் அடக்கியே வந்திருக்கிறேன். மூன்றாவது சுவரில் நெஞ்சு முட்டியது. இரண்டு கையும் விளிம்பில். முழங்கை நிமிர்ந்து இடுப்புவரை வெளியே வந்துவிட்டேன். ஒரு முழங்கால் விளிம்பைத் தேடி உயர்ந்தது. எதிரே மேடத்தின் செருப்பு. பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. கால் பட்டால் ஒரு வருடம் போச்சு.

கையை விட்டுவிட்டேன். தொபீரென்று விழுந்து, வாய் நிறைய குளோரின் தண்ணீர். பாதம் எப்படியோ சுவரைக் கண்டுபிடித்து உதைத்தது. கடைசி இருபத்தைந்தை எந்தப் பாடத்திலும் இல்லாத முறையில் கடந்தேன்.

"நூறு ஆச்சு. பாஸ்," என்றார் மேடம், எழுதிக்கொண்டே.

"எவ்ளோ நேரம் மேடம்?"

"நேரத்துக்கு மார்க் இல்லம்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

சொன்னார். கேவலமான நேரம். தோழி துண்டை நீட்டினாள், நான் வாங்கவில்லை. மூச்சை ஒழுங்காக விட்டிருந்தால் அதில் எத்தனை விநாடி குறைந்திருக்கும் என்று, விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.