எதிர்வீட்டுக்காரரைத் தெரியுமா?

சீன ஒற்றர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக் கூடத்தில் கற்றுக்கொண்டதுதான். எண்பதுகளின் நடுவில், எதிர்வீட்டு வெல்டரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக்கையும் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளையும் இறக்கிவிட்டுப் போனார். எல்லாம் ஒரே சீனத் தொடர். பழைய காலத்து ராஜாக்கள், இரண்டு நாடுகள், ஒவ்வொரு அரண்மனையிலும் அடுத்த நாட்டின் ஒற்றர்கள். பேச்சு சீனம். அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி ஓடும். அதைப் படித்துச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் எனக்கு அழைப்பு வரும்.

நான் படித்துச் சொன்னதில் பாதிதான் அங்கே எழுதியிருந்தது. வரி ஓடி மறைந்துவிட்டால் மீதியை நானே போட்டு நிரப்புவேன். தளபதிக்கு ஒரு மச்சினியைக் கொடுத்தது நான்தான். ஆறாவது கேசட்டில் அந்த அம்மாள் அவனைப் பெற்றவள் என்று தெரிந்தது.

"போன வாரம் மச்சினின்னீங்களே சார்?" என்றார் வெல்டரின் மனைவி.

"வேஷம் போட்டிருந்தாங்கம்மா. ஒற்றர் குடும்பம் இல்லையா."

வெல்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர். மைத்துனர் மூலம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை ஏற்பாடாகியிருந்தது. பாஸ்போர்ட் வர வேண்டியதுதான் பாக்கி. பட்டறைக்காரர்கள் இரண்டு மாதம் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பியது நான். அவரை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர் பெயர் கேட்டிருந்த இடத்தில் என் பெயரை என் கையாலேயே எழுதினேன். "நம்ம பேரப் பாத்தா ஆபீஸே எந்திரிச்சு நிக்கும்" என்று வேறு சொன்னேன். நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். திருகாணிகளுக்குக் காவல்.

அன்றைய ஞாயிறு, கதையில் ஓர் ஒற்றன் பிடிபட்டிருந்தான். அவனோடு பத்து வருஷம் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்ட கூட்டாளியிடம், "இவனைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "பார்த்ததே இல்லை" என்றான், கண் இமைக்காமல். நாங்கள் கைதட்டினோம். அடுத்த கேசட் மாற்றுவதற்குள் குழாயடியில் குடம் வைத்துவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் ஒருவர் ஃபைலோடு நின்றார். சாதாரண சட்டை, பேண்ட். காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ்.

"எதிர்வீட்டுக்காரர உங்களுக்குத் தெரியுமா சார்?"

அந்த ஒரு வினாடியில் என் மூளை சீனா வரைக்கும் போய்த் திரும்பியது. பாதுகாப்புத் துறை ஊழியன், சீனப்படம், வெளிநாட்டுக் கேசட். என் சஸ்பென்ஷன் ஆர்டரை டைப் அடிக்கும் சத்தமே காதில் கேட்டது.

"எதிர்வீடா? பழக்கமில்லைங்க."

"வெளிநாட்டு ஆளுங்க வந்து போறாங்களா?"

"நான் எதையும் கவனிக்கிறதில்லைங்க. ஆபீஸ் உண்டு, வீடு உண்டு."

வெல்டரின் மனைவி தன் வாசலுக்கு வந்தார். "சார், கேசட் மாத்தியாச்சு. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

வந்தவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களத்தான் கூப்புடுறாங்க போலருக்கு."

"வேற யாரையாவதா இருக்கும்ங்க."

சந்தில் எங்களைத் தவிர ஒரு பசுமாடு மட்டும் நின்றது.

"உங்க பேரு?"

சொன்னேன். ஃபைலில் தேடினார். தலைகீழாகப் பார்த்தபோதும் அந்தக் கையெழுத்து எனக்குப் புரிந்தது. என்னுடையது. பாஸ்போர்ட் விசாரணை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சொன்னதை உடனே மாற்றினால் இன்னும் சந்தேகம் வரும் என்று எனக்குள் இருந்த ஒற்றன் சொன்னான். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். நான் எதிர்வீட்டுக்குப் போய் அடுத்த கேசட்டைப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வரை போனேன். எதிர்க்கடையில் மூன்று டீ குடித்தேன். வெளியே வந்த ஏட்டு, "என்னங்க வேணும்?" என்றார். "மணி என்னங்க?" என்றேன். அவர் என் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வெல்டர் அதை என்னிடமே கொண்டுவந்தார். அவரை அறிந்தவராகக் காட்டப்பட்டவர் அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டதால் விண்ணப்பம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. கேசட்டில் வரும் வரிபோல ஓடவும் இல்லை, மறைந்துவிடவும் இல்லை.

"விலாசத்துல ஏதோ கோளாறாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"அப்படிங்களா சார்" என்று கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறு விசாரணை கேட்டு நானே ஒரு மனு எழுதினேன், மிக உருக்கமாக. அது மேஜை மேஜையாக நகர்வதற்குள் இரண்டு மாதம் ஐந்தானது. கப்பல் பட்டறை வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைப்பு மட்டும் நிற்கவில்லை. வெல்டரின் மனைவி தரும் காபியும் அதே காபிதான்.

மறு விசாரணைக்கு ஆள் வரப்போகிறார் என்று தெரிந்த அன்று காலை வெல்டர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"இந்தத் தடவ தெரியும்னு சொல்லிடுங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார். "அன்னிக்கி உங்களக் கூப்புடறதுக்கு முன்னாடியே என் சம்சாரம் கதவு மறைவுலதான நின்னுச்சு. எல்லாம் கேட்டுச்சு."

அப்படியானால் கடிதத்தை நான் மொழிபெயர்த்தபோது, தெரிந்துகொண்டேதான் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஆள் வந்தார். இந்த முறை வேறு ஒருவர், வயதானவர். "எதிர்வீட்டுக்காரரைத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

எழுதிக்கொண்டார். வெல்டருடைய குணம், உழைப்பு, பொறுமை என்று அரைமணி நேரம் பேசத் தயாராகியிருந்தேன். அவர் கேட்டது அவ்வளவுதான். ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.