கடோலினியம் ஆர்சனைடும் நான்கு வருடமும்

ஆர்சனிக்கோடு வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை இரண்டு ஜோடி தருவார்கள், பொறுமையை மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். என்னைப் போல உலை முன்னால் காத்துக் கிடந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது புரியும். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில், கடோலினியம் என்ற உலோகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கடோலினியம் ஆர்சனைடு என்ற சேர்மத்தைச் செய்து அதன் தன்மைகளை அளப்பதுதான் என் வேலை.

வாடகை வீடு

செவிலிமேட்டில் வீடு கேட்டுப் போனபோது, ஆர்சனிக் என்றால் விஷம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கார சரோஜாம்மா முகம் மாறியது. எல்லாம் மூடிய பெட்டிக்குள்தான், உடை மாற்றிக் கை கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்றேன். முன்பு இரண்டு வீட்டில் இதைக் கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சரோஜாம்மா வீட்டைக் கொடுத்தார். குடிபோன அன்று வாசல் குழாயடியில் புது சோப்பு இருந்தது.

"நீ சொல்றத நம்புறேன். இருந்தாலும் இங்கயும் ஒருவாட்டி கழுவிக்கினு உள்ள வாம்மா."

கண்ணாடிக் குழாய்

கடோலினியத் துருவலையும் ஆர்சனிக்கையும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி மூடிச் சூடேற்ற வேண்டும். ஆர்சனிக் ஆவியின் அழுத்தத்துக்குக் குழாய் தாங்கவில்லை என்றால் வெடிக்கும். மூடித் தருபவர் கல்லூரிக் கண்ணாடிப் பட்டறையின் தேவராஜ் அண்ணன். ஒருமுறை, மூடிய குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் கொடுக்கவே இல்லை. பட்டு இழை போல ஒரு விரிசல் இருக்கிறது என்றார், என் கண்ணுக்குத் தெரியவில்லை. மாதிரியை அந்த வாரமே என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்தாக வேண்டும் என்று சண்டை போட்டேன். அவர் நிதானமாக வேறு குழாயை எடுத்தார்.

"லேட்டானா உங்க சார் திட்டுவாரு, அவ்ளோதான். இது வெடிச்சா திட்டு வாங்கக்கூட ஆள் இருக்காதும்மா."

வளைந்த கோடு

அந்த மாற்றுக் குழாயில் விளைந்தவை கடுகளவுப் படிகங்கள். உப்பில் இருப்பது போலவே இதிலும் அணுக்கள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கும். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். மைனஸ் இருநூற்றைம்பது டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால், உள்ளே இருக்கும் நுண்காந்தங்கள் எதிரும் புதிருமாக வரிசைகட்டும். படிகம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் வரைபடக் கோடு அங்கே வளைய வேண்டும். ஆனால் குளிர்ந்துவரும் நேரம் பார்த்து மூன்று முறை கரண்ட் போனது. நான்காம் முறை ஜெனரேட்டர் அறை பாஸ்கர் அண்ணன் சாப்பிடக்கூடப் போகாமல் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் கோடு வளைந்தது. வரைபடக் காகிதத்தோடு அவரிடம் ஓடினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது வளையறதுக்கா நாலு வருஷம் அலைஞ்ச? அப்போ நாளைக்கும் ஓட்டி வைக்கிறேன், இன்னொருவாட்டி வளையுதா பாரு."

கடோலினியம் ஆர்சனைடைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாமாம், இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல மட்டும் ஆய்வேட்டில் ஒரே ஒரு பக்கம்தானாம்.