லாக் வாஷரின் காது

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால்காரர் ஊற்றும்போது நுரை அடங்கும்வரை பாத்திரத்தை விட்டு நகரமாட்டேன். மருந்து வாங்கினால் அட்டையில் உள்ள தேதியை மூன்று முறை படிப்பேன். அப்படிப்பட்ட நான், என் லேத்தில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலுக்கு டேப்பர் பேரிங் வாங்கி மாட்டும் வேலையை ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபிட்டர் ஒருவரிடம் விட்டேன். வேறு வழியில்லை. பழைய பேரிங் தேய்ந்துபோய், கடைந்த இடமெல்லாம் வரி வரியாக விழுந்தது. ராஜபாளையத்தில் என் பட்டறைக்குச் சோறு போடுவது ஒரே ஒரு நூல் மில்தான். அன்று சாயங்காலம் அவர்களுக்கு ஒரு ஷாஃப்ட் வழவழவென்று போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேலை மதுரைக்குப் போய்விடும்.

ஃபிட்டர் கொண்டுவந்த பேரிங் பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது.

"கடையிலயே பிரிச்சு, சுத்திப் பாத்துட்டுத்தான் எடுத்தேன் அண்ணாச்சி" என்றார்.

தலையாட்டினேன். டூப்ளிகேட்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, அந்தச் சூட்டோடு ஸ்பிண்டிலில் ஏற்றினார். பின்பக்க நட்டை முறுக்குவார். ஸ்பிண்டில் முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்ப்பார். நட்டைத் துளி தளர்த்துவார். மறுபடி சுற்றுவார். ஒரு மணி நேரம் இதே வேலை. கடைசியில் நட்டு நகராமல் இருக்க லாக் வாஷரின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் ஒன்றை நட்டின் பள்ளத்தில் மடக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடுகிற மாதிரிதான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மடக்கிய காதை நிமிர்த்தினேன், நட்டை நன்றாக இறுக்கினேன், பள்ளத்துக்கு நேராக வந்த வேறொரு காதை மடக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்துகொண்டேன்.

அவர் வந்து மெஷினை ஓட்டினார். பத்தே நிமிஷத்தில் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹெட்ஸ்டாக் தொட முடியாமல் சுட்டது. பட்டறை ஆட்கள் பார்க்கச் சத்தம் போட்டேன்.

"டூப்ளிகேட்ட மாட்டி என் பொழப்பக் கெடுத்துட்டீரே!"

அவர் மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது நான் மடக்குன காது இல்லையே அண்ணாச்சி."

"ஆடுச்சு... அதான் செத்த இறுக்குனேன்" என்றேன். ஆட்கள் முன்னால் வெட்கமாகிவிட்டது.

அவர் காதை நிமிர்த்தி, நட்டை முழுசாகத் தளர்த்தினார். ஸ்பேனரைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. ரொம்ப இறுக்குனதுலதான் சூடாயிருக்கு. எம்புட்டு முறுக்கணுமோ நீங்களே முறுக்கிக்கிடுங்க. நான் வாரேன்."

அவருடைய பைக் தெருவைத் தாண்டிப் போனது. மணி மூன்று. ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.