பால் டிப்போ தெய்வசிகாமணி

தெய்வசிகாமணி என்ற பெயரை இசைவாணி முதன்முதலில் காதில் வாங்கியது கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு பால் டிப்போ வரிசையில். பால் சோதிப்பவர் அவர். திருக்கோவிலூரில் பெண் எடுத்தவர், கரும்புக்காட்டுக்காரர். அவர் காட்டுக்குக் களையெடுக்க வரமாட்டேன் என்று இசைவாணியின் அம்மா இருசம்மாள் சொல்லிவிட்ட மறுநாள் அது. கருவி காட்டியது ஒன்று, அவர் கம்ப்யூட்டரில் தட்டியது வேறு. பாலின் கொழுப்பு 0.4 என்று தட்டினார். தண்ணீர் கலந்த பால் என்று அர்த்தம்.

"இன்னாடி இருசா, உன் மாடு பால் கறக்குதா, கழனித்தண்ணி கறக்குதா?"

"ஒரு சொட்டு தண்ணி ஊத்தலைங்க!"

"மெஷின் பொய் சொல்லுமா? வூட்டுக்கு ஓடு!"

பாலை வாய்க்காலில் கவிழ்த்தார். வரிசையே சிரித்தது. எந்த எண்ணைத் தட்டினாலும் விழுங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர் அது. அம்மா அழுதாள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வளர்ந்ததும் இசைவாணி கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படித்தாள். பால் டிப்போக்களுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி சேலத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தேடிப்போய்ச் சேர்ந்தாள். புது புரோகிராம் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. தட்டும் கொழுப்பு இரண்டுக்குக் கீழேயோ பன்னிரண்டுக்கு மேலேயோ போனால், புரோகிராம் அதை வாங்காமல் நின்று, என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே தனியாக எழுதுவதுதான் எக்ஸப்ஷன் கிளாஸ். அதற்குப் பெயர் வைப்பது எழுதுகிறவர் இஷ்டம். இவள் தெய்வசிகாமணி என்று வைத்தாள். தப்பு வந்தால் அந்தப் பெயரே திரையில் வரும்படியும் செய்தாள்.

"யாரும்மா இது?" என்றார் முதலாளி சின்னதுரை.

"எங்க ஊரு சாமிங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புது புரோகிராம் டிப்போவுக்கு வந்தது. பால் ஊற்ற வந்த ஜெயம்மாள் என்பவளோடு தெய்வசிகாமணிக்கு வாய்த்தகராறு. வழக்கம்போல 0.4 தட்டினார். திரை சிவந்தது. "தெய்வசிகாமணி பிழை. 0.4 செல்லாது. 2 முதல் 12 வரை மட்டும்."

ஜெயம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தாள். "இன்னாங்க, மெஷினே உங்க பேரைப் போட்டுத் திட்டுது!"

அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி அதே பெயர். கல்வராயன் மலைமேல் இருந்த டிப்போக்களில், அவரைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட, தப்பாகத் தட்டிவிட்டால் "தெய்வசிகாமணி வந்துட்டாண்டா" என்று சிரித்தார்கள்.

தெய்வசிகாமணி கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது இசைவாணி.

"எம்பேர எடுத்துடும்மா. வெளிய தலைகாட்ட முடியல."

"நான் இருசம்மா மகளுங்க. எங்கம்மாவப் போய்க் கேளுங்க. எடுக்கச் சொன்னா எடுக்கறேன்."

போனார். இருசம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்ங்க" என்றாள்.

புரோகிராமில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. தெய்வசிகாமணி டிப்போ வேலையை விட்டுவிட்டு, மூங்கில்துறைப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்.