முப்பத்தாறு கக்கூஸும் ஒரு கையெழுத்தும்

போர்க்கப்பல் என்றதும் எல்லோருக்கும் பீரங்கியும் ஏவுகணையும் நினைவுக்கு வரும். எனக்கு மூத்திர பாட்டில்தான் வரும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். என் நாத்தனாரைப் பற்றிச் சொல்வதென்றால் அதைச் சொல்லாமல் முடியாது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கப்பல் கட்டும் தளத்தில் அவருக்குப் பெயர் ‘மூக்கு’. பெரிய மூக்கெல்லாம் இல்லை, சப்பை மூக்குதான். ஆனால் அதற்குத் தப்பி எதுவும் நாற முடியாது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு நேராகக் கக்கூஸுக்கு ஓடுவார். அந்த ஓட்டத்திலேயே, “ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல ஒரு தக்காளி அழுகிக் கெடக்கு, எடுத்துப் போடு” என்று குரல் வரும். போய்ப் பார்த்தால் கிடக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

பன்னிரண்டு வருடமாக அங்கே ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. துடைப்பத்தோடு நிற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு போர்க்கப்பலைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் மூன்று மாடி வீடு உயரத்துக்குக் கட்டி, கிரேனில் தூக்கி வைத்துப் பற்றவைத்தார்கள். பிறகு ஒவ்வொரு அறைக்குள்ளும் குழாய்க்காரர்கள், கேபிள்காரர்கள், பெயிண்டர்கள் என்று மாற்றி மாற்றி நுழைவார்கள். கடைசியில் சுவரில் சூடு தடுக்கிற பஞ்சு அடைத்து மேலே தகடு போட்டு மூடுவார்கள். மூடுவதற்கு முன்னால் அண்ணி டார்ச்சோடு உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு நட்டு, ஒரு கந்தல் துணி, ஒரு துண்டு வெல்டிங் குச்சி கிடக்கக்கூடாது. பார்த்துவிட்டு, ‘அறை சுத்தம்’ என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் தகடு ஏறும். இது அங்கே சட்டம்.

நட்டும் போல்ட்டும் எப்போதாவது கிடைக்கும். பாட்டில் தினமும் கிடைக்கும்.

ஒருநாள் குடும்பத்தாரை அழைத்துக் கப்பலைச் சுற்றிக் காட்டினார்கள். வெள்ளை உடுப்பில் ஒரு கடற்படை அதிகாரி வந்து விளக்கினார். பக்கச் சுவர்கள் சாய்வாக இருப்பதால் எதிரியின் ரேடாரில் இத்தனை பெரிய கப்பல் ஒரு மீன்பிடி படகு அளவுக்குத்தான் தெரியுமாம். நூற்றைம்பது பேர் ஒரு மாதம் கரை தொடாமல் கடலிலேயே இருக்கலாமாம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறதாம். முப்பத்தாறு கக்கூஸ், ஒரு டம்ளர் தண்ணீரில் எல்லாவற்றையும் சர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும் ரகமாம்.

நான் அண்ணியின் காதில், “முப்பத்தாறா! சொல்லவே இல்லையே?” என்றேன்.

“முப்பத்தாறுக்கும் சீல் வெச்சிருக்கு. கப்பல் கடலுக்குப் போற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டா வேலை காலி.”

“அப்ப கட்டுறவங்க எங்க போவாங்க?”

“கட்டுறவங்களுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாதுன்னு நெனச்சு வரைஞ்சிருக்காங்க.”

கட்டுகிறவர்களுக்கான கக்கூஸ் கரையில், கிடங்குக்குப் பின்னால் இருந்தது. அடித்தளத்திலிருந்து ஐந்து ஏணி ஏறி, பாலம் கடந்து, அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுப் போய்வர அரை மணி நேரம். ஏணி உச்சியில் ஒரு மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? குடித்துத் தீர்ந்த தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கிறது, சுவரில் தகடு போடாத இடைவெளி பக்கத்திலேயே இருக்கிறது. முன்னூறு பேர். அண்ணி சாயங்காலம் சாக்குப்பையோடு போய் அத்தனையையும் பொறுக்குவார். சூடாகவே இருக்கும் சிலது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பொம்பளைகள் அங்கே நான்கு பேர்தான். அவர்கள் கண்டுபிடித்த வழி வேறு, தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் அரை டம்ளர் டீயோடு போகிற அண்ணி, இரும்புக்குள் வெந்துகொண்டு சாயங்காலம் வரை நாக்கை ஈரப்படுத்த மாட்டார். இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல். டாக்டர், “நிறைய தண்ணி குடிங்கம்மா” என்றார். அண்ணி தலையாட்டிவிட்டு வந்தார்.

கப்பல் முடிந்து சோதனை ஓட்டத்துக்குக் கடலுக்குப் போனது. மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. எஞ்சின் நன்றாக ஓடியது, ரேடார் சுற்றியது, எல்லாம் சரி. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார முடியவில்லை. கப்பலின் மூளை என்று சொல்கிற அறை அது. இருபது திரைகளுக்கு முன்னால் இருபது பேர் உட்கார வேண்டும். நாற்றம் தாங்காமல் இரண்டு பேர் அங்கேயே வாந்தி எடுத்தார்களாம். ஏசியைக் கழற்றிப் பார்த்தார்கள். கழிவுத் தொட்டியைக் கழுவினார்கள். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, கருவியைத் தூக்கிப் பிடித்து, எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கடைசியில் யாருக்கோ அந்தத் தாள் நினைவு வந்தது. ‘அறை சுத்தம்.’ கீழே அண்ணியின் கையெழுத்து.

அந்த மாதம்தான் நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. விசாரணைக் கடிதத்தை என் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, “போச்சுடி” என்றார்.

“நீங்க பாக்காம கையெழுத்து போடுற ஆளா அண்ணி? பாத்தேன்னு சொல்லிட்டு வாங்க.”

அண்ணி வெங்காயத்தை எடுத்து உரித்தார். ஒன்று முழுவதும் உரித்த பிறகு, “அன்னிக்குப் பாக்கல” என்றார்.

யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று தேதியை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். தகடு மூடுகிற ஆட்களின் மேஸ்திரி, அண்ணி பார்ப்பதற்கு முன்பே அந்த அறையை மூடிவிட்டார். அண்ணி காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, இனி முடியாது என்று ஏணிக்கு வந்தபோது, மேஸ்திரி ஏணியை மறித்துக்கொண்டு தாளோடு நின்றிருக்கிறார். “ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டுப் போங்க.” அண்ணி போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

“அந்த ஆளு மேல சொல்லுங்க!” என்று கத்தினேன்.

“கை என்னுதுடி.”

என் வீட்டுக்காரர், “மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுக்கா, எதுக்கு வம்பு” என்று யோசனை சொன்னார். காலையில் செய்தித்தாளோடு கக்கூஸுக்குள் போய் முக்கால் மணி நேரம் குடியிருக்கிற மனிதர். அண்ணியும் நானும் அவரை ஒரு பார்வை பார்த்தோம். எழுந்து போய்விட்டார்.

விசாரணை அந்த அறையிலேயே நடந்தது. பொது மேலாளர், வெள்ளை உடுப்பு அதிகாரி, மேஸ்திரி, எல்லோர் முகத்திலும் துணி. அண்ணி மட்டும் துணி கட்டவில்லை.

“இது உங்க கையெழுத்தா?” என்றார் மேலாளர்.

“ஆமா சார்.”

“அறையைப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“பாக்காம ஏன் போட்டீங்க?”

“ஒண்ணுக்கு அவசரம் சார்.”

 அண்ணியே தொடர்ந்திருக்கிறார். “அன்னிக்கு மட்டும் இல்ல, பன்னெண்டு வருஷமா அவசரம். உங்க ஆம்பளைங்களுக்கும் அவசரம்தான். அவங்க எங்க போனாங்கன்னு காட்டவா?”

சுவரோரமாக நடந்து, கேபிள் நுழைகிற ஓட்டைகளில் ஒவ்வொன்றாக மூக்கை வைத்து, மூன்றாவது திரைக்குப் பின்னால் நின்று தகட்டைத் தட்டினார். “இதைக் கழட்டுங்க.”

மேஸ்திரி, “கேபிளெல்லாம் அதுலதான் போகுது சார், கழட்ட முடியாது” என்றார்.

“கழட்டு” என்றார் அதிகாரி.

பதினான்கு பாட்டில். வரிசையாக, பஞ்சுக்கு நடுவில், முட்டைகளை அடுக்கின மாதிரி. கேபிள் சூட்டில் உப்பி, நான்கு வெடித்திருந்தன. அந்தத் திரவம் பஞ்சில் ஊறி, பழுப்பாகக் கேபிளின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. எதிரிக்குத் தெரியாமல் பதுங்குவதற்காகக் கட்டிய கப்பலின் மூளைக்குள் பழைய மூத்திரம். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

“எவன் பண்ணான்னு தெரியலையே சார்” என்றார் மேஸ்திரி.

அண்ணி குனிந்து பார்த்தார். “பச்சை மூடி போட்ட ஜூஸ் பாட்டில் இந்தத் தளத்துலயே ஒருத்தர்தான் குடிக்கிறார். மூணு இருக்கு மேஸ்திரி. எடுத்துக்கோங்க.”

கப்பலில் இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு ஆள் இல்லை. நிபுணரின் கருவிக்கு மூக்கு கிடையாது. அண்ணி மூன்று நாள் கப்பல் முழுக்க மோந்து பார்த்து, ஏழு இடம் காட்டினார். மாலுமிகள் தலைவைத்துப் படுக்கிற இடத்துக்குப் பின்னாலும் ஒன்று. அதனால்தான் வேலை தப்பியது. பட்டியலில் பெயர் நின்றது, கூடவே ‘பார்க்காமல் கையெழுத்திட்டதற்கு’ ஓர் எச்சரிக்கைக் கடிதம். மேஸ்திரிக்கு அதுவும் இல்லை. அவர் தாளில் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லையே.

நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டது என்கிறீர்களா? முதலில் ஒட்டியது ஓர் அறிவிப்பு: கப்பலுக்குள் பாட்டில் கொண்டுவரத் தடை. அதாவது இனி யாரும் தண்ணீரே குடிக்காதே. அப்புறம் அந்த அதிகாரி தன் அறிக்கையில் என்ன எழுதினாரோ, அடுத்த கப்பல் ஆரம்பித்த இரண்டாம் மாதம், கிரேனில் ஒரு பிளாஸ்டிக் கக்கூஸைத் தூக்கி மேல்தளத்தில் வைத்தார்கள். முன்னூறு பேருக்கு ஒன்று. மேலாளர் ரிப்பன் வெட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். கக்கூஸுக்கு ரிப்பன்!

கதவில் கொட்டை எழுத்தில் ‘ஆண்கள்’ என்று எழுதியிருந்தது.

அண்ணி பெயிண்ட் கிடங்குக்குப் போய், கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்டில் ஒரு டப்பாவும் பிரஷும் எடுத்து வந்தார்.

மேஸ்திரி ஓடி வந்தார். “அக்கா, அதுல கை வைக்காதீங்க, ஆபீஸ்ல எழுதினது!”

“அன்னிக்குக் கையெழுத்து போட்டப்ப இந்தக் கையைப் புடிச்சீங்களா? தள்ளுங்க.”

அந்த எழுத்தின் மேல் இரண்டு பூச்சு அடித்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்தவர், தளத்தில் வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு, எல்லோரும் பார்க்க நின்று குடித்தார். அப்போது காலை பத்து மணி.

“கக்கூஸ் எப்படி அண்ணி இருந்துச்சு?” என்று நான் கேட்டதற்கு, “ரிப்பன் வெட்டி அரை மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள சுவரெல்லாம் தெளிச்சு வெச்சிருக்கானுங்க, எருமைங்க” என்றார். யார் கழுவியது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவர் ஓடி வரவில்லை. செருப்பை ஜோடியாக ஓரமாக விட்டுவிட்டு, வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து, “என்னடி, பாலைப் பொங்க விட்டுட்டியா?” என்று நிதானமாகக் கேட்டார்.

பொங்கித்தான் போயிருந்தது.