கைரேகை வகுப்புக்கு வந்த சந்தேக நபர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் நடந்தது இது. வார நாட்களில் நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு தமிழ்ப் பள்ளியில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். நாலு வார்த்தை தமிழில் பேச வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

துப்பறியும் வேலை கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் வாயை மூடிக்கொண்டிருக்கும்? அதனால் கைரேகைப் பாடத்தைத் தமிழில் நடத்துவது என்று முடிவு செய்தேன். தலைமை ஆசிரியையின் மேசையிலிருந்த மட்டன் ரோல்ஸைக் காணோம். பக்கத்தில் யாரோ தண்ணீர் குடித்துவிட்டு வைத்த கண்ணாடி டம்ளர் மட்டும் இருக்கிறது. இதுதான் வழக்கு. சந்தேக நபர்களாக நடிக்க இரண்டு அம்மாக்களும் ஒரு அப்பாவும் ஒத்துக்கொண்டார்கள். துப்பறிவாளர்கள் பேச வேண்டிய வசனங்களைப் பலகையில் எழுதிப் போட்டேன். "காலையில் எங்கே இருந்தீர்கள்?" என்று தொடங்கி, குற்றமற்றவருக்குக் கடைசியில் சொல்ல வேண்டிய "இது உங்கள் ரேகை இல்லை. நீங்கள் போகலாம்" என்பது வரை.

பாடம் அமர்க்களமாகத் தொடங்கியது. பழைய மேக்கப் பிரஷ்ஷால் டம்ளரின் மேல் கொக்கோ பவுடரைத் தடவினார்கள். ரேகை தெரிந்ததும் டேப்பை ஒட்டி எடுத்து வெள்ளை அட்டையில் பதித்தார்கள். அழகான சுழி ஒன்று வந்தது. எத்தனையோ வாரம் நான் கத்தியும் பிள்ளைகளின் நாக்கில் ஏறாத ழகரம், அந்தச் சுழியைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து சந்தேக நபர்களின் ரேகையை எடுக்க வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. ரேகை கொடுப்பவர் தானாக அழுத்தினால் மை இழுபட்டுவிடும். எடுப்பவர்தான் அவர் விரலைப் பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். அம்மாக்கள் இருவரும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார்கள். மூன்றாவதாக அந்த அப்பா வந்தார். இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். வாராவாரம் நாற்காலி அடுக்க முதல் ஆளாக வருபவர். அவருடைய மகள் முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "கைய லூசா விடுங்க, நான் உருட்டுறேன்" என்றேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இவர்தான் திருடர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மகளின் முகம் சிவந்துவிட்டது. அவரோ சிரிக்கவில்லை. "பிடிக்காம, நானே வைக்கட்டோ, டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பெரிய நிபுணராயிற்றே! அப்படி வைத்தால் ரேகை சரியாக விழாது என்று விளக்கம் கொடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மகள் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில். அங்கே பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் பெருவிரல் ரேகை வைக்கப் போவது வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் ரேகை வைத்துவிட்டு வந்ததும், அப்பா கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். கைரேகை என்றால் இன்றுவரை எனக்கு அந்த ரொட்டி சானாய்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு வேறு ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைகளை ஒரு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடினேன். அந்த அப்பா தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். கோபமாக இல்லை, வெட்கப்பட்டவராகத்தான் இருந்தார். ஊரில் ராணுவம் பிடித்தபோது ஒரு தடவை, தப்பி வந்த வழியில் இரண்டு நாடுகளில், இங்கே வந்திறங்கியதும் இன்னொரு தடவை என்று அவர் விரல்களை உருட்டியிருக்கிறார்கள்.

"எல்லா இடத்திலயும் கையைப் பிடிச்சுக்கொண்டு இதைத்தான் சொன்னவங்கள், டீச்சர். கையைத் தளர விடு எண்டு" என்றார். "நீங்கள் சொன்னவுடன கை தன்பாட்டில வந்திட்டுது. பிள்ளைக்கு முன்னால இப்பிடிச் செய்துபோட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். நடிக்கவே வேண்டாம், வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகளிடம் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்தார். "இல்லை, இப்பிடியே போக ஏலாது. அவள் என்னைக் கள்ளன் எண்டெல்லோ நினைப்பாள்" என்றார். பிறகு, மகள் ரேகை எடுத்தால் சரியா என்று கேட்டார்.

உள்ளே வந்ததும் பிள்ளைகளிடம் நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டதாகச் சொன்னேன். யாருடைய கையையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், அதுதான் முதல் விதி என்றேன். மகளை முன்னால் அழைத்தேன். அவள் தயங்கித் தயங்கி, "அப்பா, நான் பிடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஓம், பிடி" என்று கையை நீட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக உருட்டினாள். முடிந்ததும் ஈரத் துணியால் அவளே மையைத் துடைத்துவிட்டாள். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு டம்ளர் ரேகையையும் அப்பாவின் ரேகையையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரில் வட்டமாகச் சுற்றும் சுழி; அப்பாவின் பத்து விரலிலும் ஒரு பக்கமாக வளைந்து திரும்பும் வளையம். அவள் நிமிர்ந்து பலகையைப் பார்த்து, போலீஸ் குரலில் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இது உங்கள் ரேகை இல்லை. நீங்கள் போகலாம்."

அவர் போகவில்லை. அப்படியே நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். சந்தேக நபர்களில் ஒருவரான, பள்ளியில் தேநீர் போடும் அம்மாதான் திருடி என்று தெரிந்தபோது, அந்த அம்மா ரோல்ஸ் நல்ல ருசி என்று ஒப்புக்கொண்டு வகுப்பை இன்னும் சிரிக்க வைத்தார்.

வகுப்பு கலையும்போது அந்த அப்பா ரேகை அட்டையைக் காட்டி, "இது இனி ஆரிட்டப் போகும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டு, "உங்களுக்குத்தான் அப்பா" என்று அட்டையை அவர் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள், அட்டை வீட்டில் பிரிட்ஜ் கதவில் இருக்கிறதாம். பக்கத்தில் அவளுடைய ரேகையையும் எடுத்து ஒட்டியிருக்கிறார்களாம். இரண்டிலும் ஒரே மாதிரி வளையம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

இப்போதும் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் எடுக்கிறேன், முதல் விதியை முதலிலேயே சொல்லிவிட்டு, எடுத்த ரேகையைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருகிறேன். அன்று அந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கிப் போனவரை நினைத்தால், நான் எடுத்த பாடங்களிலேயே ஒருவருக்கு உண்மையில் பயன்பட்டது இதுதான் என்று மனம் நிறைந்துவிடுகிறது.