உச்சிக்கு நேர் கீழே

பி.எட். படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது சங்கரன்கோவிலில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எண்பதுகளின் தொடக்கம். திருவேங்கடத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு வகுப்புக்குள் நுழைவேன். பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்த வகுப்பின் கணக்கு டீச்சர்தான் எனக்கு வழிகாட்டி. நான் பாடம் நடத்தும்போது அவர் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். நான் சொல்வது எதுவும் அவர் காதில் விழவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கரும்பலகையில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால் தலை நிமிராமலே தொண்டையைச் செருமுவார்.

உயரங்களும் தூரங்களும் பாடத்தை நான் ஆரம்பித்த அன்று, புத்தகத்தில் ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. அதன் உயரம் இவ்வளவு, மேலேயிருந்து கப்பலைப் பார்த்தால் கோணம் இவ்வளவு, தூரம் என்ன? படம் வரைந்து, சூத்திரம் எழுதி, விடையும் வந்துவிட்டது. நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"டீச்சர், அந்த விளக்கோட உயரத்தை யாரு அளந்தா?"

"அது கணக்குல குடுத்திருக்கும்மா."

"குடுத்தவங்க தப்பாக் குடுத்திருந்தா?"

பையன்கள் சிரித்தார்கள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. விடை தெரியாமல் உட்காரப் போவதில்லை என்பதுபோல் நின்றாள். எனக்கோ வேறொரு யோசனை ஓடியது. பள்ளியிலும் கல்லூரியிலும் இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். ஒரு மரத்தைக்கூட அளந்து பார்த்ததில்லை. காகிதத்தில் வருவது வெளியிலும் வருமா என்று எனக்கே தெரியாது. அவளிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அப்ப அளந்து பாப்போமா?" என்றாள்.

மறுநாள் ஒரு கருவி செய்தோம். ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானி, அதன் நேர் விளிம்பில் பப்பாளி இலைக் காம்பு ஒன்று, நடுவிலிருந்து தொங்கும் நூலில் ஒரு கல். காம்புத் துளை வழியாகக் கொடிக்கம்பத்தின் உச்சியைப் பார்த்தோம். நூல் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார். கம்பத்திலிருந்து தூரத்தை அளந்தோம். கணக்குப் போட்டு உயரம் கண்டுபிடித்தோம்.

சரிதானா என்று பார்க்க வேண்டுமே. கொடிக் கயிற்றில் சணலைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, சணல் தரையைத் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு இறக்கினோம். அதை அளந்தால், எங்கள் விடையைவிட உண்மையான உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுதலாக இருந்தது. மறுபடியும் பார்த்தோம். மறுபடியும் அதே குறை. வெயிலில் நின்று எனக்கு வியர்த்தது. சூத்திரம் பொய்யா, பப்பாளிக் காம்பு கோணலா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அந்தப் பெண் மட்டும் தரையில் குத்தவைத்துக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நாம தரையிலேருந்தா பாத்தோம்? நின்னுல்லா பாத்தோம்."

எங்கள் கண் இருக்கும் உயரத்தை நாங்கள் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்ததும் விடை சணலின் அளவுக்கு மிக அருகே வந்துவிட்டது. அன்று எனக்கு உண்டான சந்தோஷம் பரீட்சையில் மார்க் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

அடுத்து ஊர்க் கோவில் கோபுரத்தை அளக்க வேண்டும் என்று வகுப்பே நச்சரித்தது. வழிகாட்டி டீச்சர் பேனாவை மூடினார்.

"போர்ஷன் யாரும்மா முடிப்பா?"

"சனிக்கிழமை லீவுல போயிட்டு வந்திருதோம் டீச்சர்" என்றேன்.

"போயிட்டு வா. கோவில் வாசல்ல சத்தம் போடக் கூடாது, சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை கோவில் வாசல் தெருவில் கூட்டமாக நின்று ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தோம். வாடகை சைக்கிள் கடைக்காரர் வெகுநேரம் எங்களையே கவனித்துவிட்டுக் கேட்டார்: "என்ன டீச்சர், கோபுரத்தை விலைக்கா கேக்கப் போறிய?"

"உயரம் பாக்கோம் அண்ணாச்சி."

"பாருங்க, பாருங்க" என்று கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்த சைக்கிள்களை ஓரமாக நகர்த்தித் தந்தார்.

கோணம் கிடைத்தது. தூரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கொடிக்கம்பம் ஒல்லி, அதன் அடி எங்கே என்பதில் குழப்பமில்லை. கோபுரமோ கீழே அகன்று மேலே குறுகுகிறது. வாசல்படி வரை அளந்தால் போதாது. உச்சிக்கு நேர் கீழே உள்ள இடம் கோபுரத்துக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் நடைக்குள் போனோம். அண்ணாந்தால் கல் கூரைதான் தெரிந்தது. நடையின் நீளத்தைச் சணலால் பிடித்து, சணலை இரண்டாக மடித்து, அதன் பாதியில் ஒரு பையனை நிறுத்தினோம். அவனிடமிருந்து தெரு வரை சணலை நீட்டினோம். சாமி கும்பிட வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அந்த நேரத்தில் வழிகாட்டி டீச்சர் அர்ச்சனைத் தட்டோடு வந்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கருவியை வாங்கி ஒரு கண்ணை மூடினார். காம்பை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாடத்தை நடத்துதேன். இப்பதான் கண்ணை வச்சுப் பாக்கேன்" என்றவர், நூலைப் படிக்க நின்ற பெண்ணிடம், "ஏட்டி, எவ்வளவு காட்டுது? சரியாச் சொல்லு" என்றார்.

இரண்டு குழுவாகப் பிரிந்து பார்த்ததில், கிட்டே நின்று பார்த்த குழுவுக்கு ஒரு விடை, தள்ளி நின்ற குழுவுக்கு இன்னொரு விடை. அதிக வித்தியாசமில்லை. கோவில் அலுவலகத்தில் கேட்டோம். அங்கிருந்தவர் சொன்ன அளவு இரண்டோடும் பொருந்தவில்லை.

"அது கலசத்தோடயா, கலசம் இல்லாமலா?" என்று புளியங்குடிப் பெண் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். "அதை யாரும்மா இதுவரை கேட்டா? எனக்குத் தெரியலியே."

கலசத்தின் அடியை ஒரு தடவை, நுனியை ஒரு தடவை பார்த்து, இரண்டு விடைகளையும் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது யாருக்கும் பெரிய குறையாகவும் படவில்லை.

பஸ் நிலையம் வரை வழிகாட்டி டீச்சர் என்னோடு நடந்து வந்தார்.

"அடுத்த பாடம் சராசரில்லா. அதுக்குப் பிள்ளைகளை எங்கன கூட்டிட்டுப் போவே?"

விளையாட்டாக, "புளியங்குடி எலுமிச்சங்காய் மார்க்கெட்டுக்கு" என்றேன். அவர் சிரிக்காமல் யோசித்தார். திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் அவரே போய்க் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. அதை வகுப்பில் சொன்னேன். அதற்கு மறுநாள் அந்தப் பெண் ஒரு மஞ்சள் பை நிறைய எலுமிச்சங்காயோடு வகுப்புக்கு வந்தாள். அறிவியல் அறையின் தராசைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி டீச்சர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார்.